ராத்திரியில கோழியை காப்பாத்துறது எப்படி: வலை, தரை, கூரை, தாழ்ப்பாள்னு ஒண்ணு விடாம முழு வழிகாட்டி

கோழிக்கு இருட்டுல கண்ணு தெரியாது. இந்த ஒரு விஷயத்தை மனசுல ஏத்திக்கிட்டாலே மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும். பகல்ல கோழி மாதிரி உஷாரான பறவை கிடையாது, மேல பருந்து நிழல் ஆடினாலே சேவல் ஒரு குரல் கொடுக்கும், அடுத்த நொடி மொத்த கூட்டமும் புதருக்குள்ள இருக்கும். அதே சேவல் பொழுது சாய்ஞ்சு கம்பு மேல ஏறி உக்காந்துட்டா நீங்க போய் ரெண்டு கையால தூக்கினாகூட லேசா முனகும், அவ்வளவுதான். ஓடாது, எதிர்த்து நிக்காது, எங்க ஓடுறதுன்னே அதுக்கு தெரியாது. அதனால ராத்திரி நேரத்துல அதோட உயிர் முழுசா நம்ம கையில இருக்கு.

நான் இதை கத்துக்கிட்டது ஒரே ராத்திரியில ஏழு கோழியை இழந்ததுக்கப்புறம்தான். கூண்டு நல்லா பாத்து பாத்து கட்டினது, கதவு பூட்டி இருந்துச்சு, வலை எங்கயும் கிழியல, ஆனா கூரை தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல நாலு விரல் அளவுக்கு இடைவெளி இருந்தது, அதை நான் காத்து வரட்டும்னு விட்டு வச்சிருந்தேன். மரநாய்க்கு அது போதும். காலையில கதவைத் திறந்தப்ப பாத்ததை இப்பவும் மறக்க முடியல. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், யாருக்கும் அந்த காலை வரக்கூடாது.

ஏற்கனவே ஒண்ணு போயிடுச்சா? அப்ப இன்னைக்கு ராத்திரி வேலை இது

ஒரு தடவை ருசி பாத்த பிராணி அடுத்த நாளே திரும்ப வரும், இல்லன்னா ரெண்டு மூணு நாள் விட்டு வரும், ஆனா வரும். அதனால கூண்டை ஆற அமர சரி பண்ணலாம், இன்னைக்கு ராத்திரி மட்டும் கோழிங்களை அங்க விடாதீங்க. வீட்டுக்குள்ள ஒரு ரூம், கார் நிறுத்துற ஷெட், பாத்ரூம், எது சுவரும் கதவுமா இருக்கோ அங்க கொண்டு போங்க. காத்து ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, பழக்கூடை, பஞ்சாரம் எதுல வேணும்னாலும் ரெண்டு மூணு நாள் தூங்கும், ஒண்ணும் ஆகாது. பஞ்சாரத்தை வெளியில கவுத்து மேல கல்லு வச்சா போதும்னு மட்டும் நினைக்காதீங்க, நாய் ஒரு தள்ளு தள்ளினா கல்லோட சேர்ந்து உருண்டுடும்.

செத்த கோழியை கூண்டு பக்கத்துலயே தூக்கி போடாம, தூரமா ஆழமா குழி தோண்டி புதைச்சிடுங்க. மேலாக புதைச்சா அந்த வாடைக்கே திரும்ப வந்து தோண்டும். புதைக்கிறதுக்கு முன்னாடி உடம்புல எங்க கடி இருக்குன்னு நல்லா பாத்து ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, அடுத்த வேலைக்கு அது வேணும்.

வந்தது யாருன்னு கண்டுபிடிக்கிறது

இதை தாண்டிப் போயிட்டு நேரா வலை வாங்க ஓடுறவங்க நிறைய பேர். தப்பு. ஏறி வர்றதுக்கு ஒரு வைத்தியம், தோண்டி வர்றதுக்கு வேற, நெளிஞ்சு வர்றதுக்கு வேற. முதல்ல ஆளை தெரிஞ்சுக்கணும்.

நாயா இருந்தா பார்த்த உடனே தெரியும். கோழிங்க அங்கங்க சிதறி கிடக்கும், நிறைய செத்திருக்கும், கடிச்சு உதறினது தெரியும், ஆனா தின்னது கொஞ்சமா இருக்கும் இல்ல ஒண்ணுமே இருக்காது. நாய் பெரும்பாலும் பசிக்கு வர்றதில்ல, சிறகடிக்கிறதைப் பாத்து வெறி ஏறி துரத்துது. கதவு வளைஞ்சிருக்கும், வலை பிய்ஞ்சிருக்கும், அடியில தோண்டினா அந்த பள்ளமும் பெருசா இருக்கும்.

நரி அப்படி இல்ல, சத்தமில்லாம வந்து ஒண்ணை கவ்விட்டு போயிடும். காலையில எண்ணிக்கை ஒண்ணு குறையும், கொஞ்சம் இறகு மட்டும் வேலி ஓரமா கிடக்கும். ஆனா கூண்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டு சுத்தி கோழி எல்லாம் படபடன்னு அடிச்சா அதுவும் கையில கிடைச்சதை எல்லாம் கடிச்சு போடும். ஏழு கோழி செத்துச்சு ஒண்ணையும் முழுசா தின்னலன்னு சொன்னா சில பேர் இது பிராணி வேலை இல்ல, யாரோ வேணும்னே பண்ணினதுன்னு அக்கம் பக்கத்துல சண்டைக்கு போயிடுறாங்க. தப்ப முடியாம அடைபட்ட இரையை பாத்தா தேவைக்கு மேல கொல்லுறது மாமிசம் தின்னுற பல பிராணிக்கு உள்ள குணம்தான்.

மரநாய், காட்டுப்பூனை எல்லாம் ஏறி வர்ற ஆளுங்க. மரக்கிளை, சுவர், கூரை இதுதான் அதுங்களுக்கு ரோடு. கழுத்துல கடி இருக்கும், ஓட்டை மேல் பக்கம் இருக்கும். கீழ எல்லாம் நல்லா இருக்கு, எப்படி வந்துச்சுன்னே புரியலன்னா அண்ணாந்து பாருங்க.

கோழி உடம்பு உள்ள கிடக்கு, தலை மட்டும் இல்லன்னா ரெண்டு விஷயம் யோசிக்கணும். வலை பக்கத்துல கிடந்தா வெளியில இருந்து எதோ கையை விட்டு இழுத்திருக்கு, ரக்கூன் (முன்னங்காலை கை மாதிரி பயன்படுத்துற, வட அமெரிக்கா பக்கத்து பிராணி) இருக்குற ஊர்ல இருக்கவங்களுக்கு இது ரொம்ப பழக்கமான காட்சி. திறந்த இடத்துலயோ மரத்தடியிலயோ கிடந்தா பெரிய ஆந்தையா இருக்கலாம், அது தலையையும் கழுத்தையும் மட்டும் தின்னுட்டு போறது உண்டு.

முட்டை ஓடுகூட இல்லாம காணாம போச்சுன்னா பாம்பை நினைங்க. குஞ்சு செத்து கிடக்கு, தலையும் தோளும் ஈரமா முடி ஒட்டிப்போய் இருக்குன்னா பாம்பு விழுங்கப் பாத்து முடியாம துப்பிட்டு போயிருக்கு. எலியும் பெருச்சாளியும் குஞ்சை பொந்துக்குள்ள இழுத்துட்டு போகும், தூங்குற பெரிய கோழியோட கால் விரலையும் கடிச்சு வைக்கும், நம்ம யாரும் அதை எதிரியாவே நினைக்கிறதில்ல.

கீரிப்பிள்ளை பத்தி ஒரு வார்த்தை. அது பகல்ல நடமாடுற பிராணி. ராத்திரி போன கோழிக்கு அதை குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. ஆனா விடியக்காலையில நீங்க தூக்கத்தோட கதவைத் திறந்து விட்டுட்டு திரும்ப படுக்கப் போனீங்கன்னா அப்ப அதோட நேரம்.

சந்தேகம் தீரலன்னா கூண்டைச் சுத்தி ரெண்டு அடி அகலத்துக்கு சலிச்ச மணலோ சாம்பலோ மெல்லிசா பரப்பி விடுங்க. காலையில கால் தடம் சொல்லிடும். நாலு விரல், நகம் குத்தின தடம் தெரியுதுன்னா நாய், நரி. நாலு விரல், நகமே தெரியலன்னா பூனை வகை. அஞ்சு விரல்னா மரநாய், கீரி பக்கம் யோசிக்கலாம். பாம்புன்னா கோடு மாதிரி வளைஞ்சு போயிருக்கும். அசைவைப் பார்த்து தானா படம் எடுக்குற கேமரா கிடைச்சா ஒரு வாரம் கட்டி வைங்க, அதைவிட நல்ல சாட்சி இல்ல.

கூண்டுக்குள்ள நீங்க போய் நில்லுங்க

செலவே இல்லாத வேலை இது, ஆனா இதுல கிடைக்கிற பலன் வேற எதுலயும் இல்ல. நல்ல வெயில் நேரத்துல கூண்டுக்குள்ள போயி கதவை சாத்திக்கோங்க. சின்ன கூண்டா இருந்தா தலையை மட்டுமாவது உள்ள விட்டு மேல ஒரு போர்வையை போட்டுக்கோங்க. கண்ணு இருட்டுக்கு பழகுற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு, எங்கெங்க இருந்து வெளிச்சம் வருதுன்னு பாருங்க. வெளிச்சம் வர்ற ஒவ்வொரு இடமும் ஒரு வாசல். ஒரு சாக்பீஸ் எடுத்துட்டு போயி எல்லாத்தையும் வட்டம் போட்டுடுங்க.

அளவு கணக்கு தெரிஞ்சுக்கோங்க: உங்க கட்டைவிரல் நுழையுற ஓட்டையில எலி நுழைஞ்சிடும். சுண்டுவிரல்கூட கஷ்டப்பட்டுதான் நுழையும்ங்குற ஓட்டை சுண்டெலிக்கு போதும். தலை நுழைஞ்சா உடம்பும் நுழையும், பூனை மரநாய் எல்லாத்துக்கும் இதே கணக்குதான். நான் என் கூண்டுல இப்படி போட்டது பதினோரு வட்டம். அத்தனை ஓட்டையோட ரெண்டு வருஷம் கோழி வளர்த்திருக்கேன்.

வலை: எல்லாரும் தப்பு பண்ற இடம்

கோழி வலைன்னு கேட்டா கடையில அறுகோண ஓட்டை போட்ட மெல்லிசு கம்பி வலையை குடுப்பாங்க. பேரைப் பாத்து ஏமாறாதீங்க. அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், வெளிய இருக்குறது உள்ள வராம இருக்க இல்ல. கொஞ்சம் பெரிய நாய் பல்லால பிடிச்சு இழுத்தா நூல் மாதிரி பிரியும், எலியும் பாம்பும் அந்த ஓட்டை வழியாவே நடந்து வரும், துருப்பிடிச்சா ஒரு மழைக்காலம்கூட தாங்காது. பகல்ல மேயுற இடத்துக்கு வேணும்னா போடுங்க. தூங்குற இடத்துக்கு வேணாம்.

தூங்குற இடத்துக்கு வேண்டியது வெல்டு மெஷ், அதாவது கம்பிங்க ஒண்ணை ஒண்ணு தொடுற இடத்துல எல்லாம் பத்த வச்ச வலை, அரை இன்ச் சதுர ஓட்டை, துத்தநாகம் பூசினது. கம்பி தடிமன் 19 கேஜ், அதாவது சுமார் 1 மில்லிமீட்டர் இருந்தா நல்லது, நாய்த்தொல்லை இருக்குற இடம்னா கீழ் ரெண்டு மூணு அடிக்கு 16 கேஜ், சுமார் 1.6 மில்லிமீட்டர் போடுங்க. கேஜ் நம்பர் குறைய குறைய கம்பி தடிப்பா இருக்கும், கடையில இதுல குழப்பிக்காதீங்க. மொத்த கூண்டுக்கும் அரை இன்ச் வாங்க வசதி இல்லன்னா, ஏற்கனவே இருக்குற பெரிய ஓட்டை வலை மேலயே கீழ்ப்பக்கம் மூணு அடி உயரத்துக்கு மட்டும் இதை சேர்த்து கட்டுங்க, எலி, பாம்பு, வெளியில இருந்து கை விடுறது எல்லாம் பெரும்பாலும் அந்த உயரத்துலதான் நடக்குது. பிளாஸ்டிக் வலை, நைலான் வலை ரெண்டுமே வேணாம், எலி கடிச்சிடும், பாம்பு அதுல சிக்கிக்கிட்டு காலையில நீங்க உயிரோட இருக்குற பாம்பை அறுத்து எடுக்குற நிலைமை வரும்.

வலை எவ்வளவு நல்லதா இருந்தாலும் அடிக்கிற முறையில கோட்டை விட்டா வேஸ்ட். சின்ன ஸ்டேப்பிள் பின் அடிச்சு விட்டா நாய் தோளால முட்டினாலே பிடுங்கிட்டு வந்துடும். ஸ்க்ரூவும் அகலமான வாஷரும் போட்டு, நாலஞ்சு இன்சுக்கு ஒண்ணா முறுக்குங்க, இல்லன்னா வலை ஓரத்து மேல ஒரு மரப்பட்டியை வச்சு அதோட சேர்த்து ஸ்க்ரூ பண்ணுங்க. வலையை சட்டத்துக்கு வெளிப்பக்கம் அடிக்கணும். அப்பதான் வெளியில இருந்து முட்டும்போது வலை மரத்துல போய் அழுந்தும், உள்பக்கம் அடிச்சிருந்தா ஒவ்வொரு முட்டும் ஸ்க்ரூவைத்தான் தளர்த்தும். ரெண்டு வலை சேர்ற இடத்துல மூணு இன்ச்சாவது ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கணும், கம்பியால தச்சு விடுங்க.

தரை: தோண்டுறவங்களுக்கு

தோண்டுற பிராணி எப்பவும் சுவர் வலை மண்ணைத் தொடுற அந்த ஓரத்துலதான் ஆரம்பிக்கும். ரெண்டு அடி பின்னாடி போயி நின்னு, இங்கிருந்து சுரங்கம் போடுவோம்னு அதுக்கு யோசனை வராது. இதை வச்சுத்தான் பாவாடை வலை போடுறோம்: சுவர் வலையோட அடியில இருந்து வெளிப்பக்கமா தரையோட தரையா ஒன்றரை அடியில இருந்து ரெண்டு அடி வரைக்கும் வலையை படுக்க வைக்கணும். ஆங்கில எழுத்து எல் மாதிரி. மேல ரெண்டு இன்ச் மண்ணு, இல்லன்னா கல்லு. தோண்டும், வலை தட்டுப்படும், ஒரு அடி தள்ளித் தோண்டும், திரும்ப வலை தட்டும், விட்டுட்டு போயிடும். கொஞ்ச நாள்ல புல்லு வேர் அதுல பின்னிக்கிட்டு நீங்களே பிடுங்க முடியாது. நேர் கீழ ஒரு அடி ஆழத்துக்கு வலையை புதைக்கிறதும் ஒரு வழிதான், ஆனா குழி வெட்டுற வேலை அதிகம், மண்ணுக்குள்ள வலை சீக்கிரம் துருவும். எனக்கு பாவாடைதான் சரியா வந்துச்சு.

புதுசா கட்டுறவங்க சிமெண்ட் தரை போட்டா தோண்டுற பிரச்சனை அத்தோட முடிஞ்சுது, மேல உமியோ மரத்தூளோ கனமா பரப்பணும், வெறும் சிமெண்ட்டு கோழி காலுக்கு ஆகாது. இன்னொரு வழி கூண்டை கால் வச்சு ரெண்டு மூணு அடி தூக்குறது. அப்படி தூக்கினா ஒவ்வொரு கால்லயும் ஒன்றரை அடி அகலத்துக்கு வழவழப்பான தகரத்தை சுத்தி விடுங்க, எலி ஏற வழுக்கும். கூண்டு அடியில பழைய பலகை, சாக்கு, விறகுன்னு அடுக்கி வச்சீங்கன்னா தகரம் சுத்தியும் பலன் இல்ல, எலிக்கும் பாம்புக்கும் நீங்களே வீடு கட்டி குடுத்த மாதிரி.

கூரை

மேல வலை இல்லாத கூண்டு ராத்திரிக்கு கூண்டே இல்ல, ஆறு அடி சுவரை மரநாயும் காட்டுப்பூனையும் படிக்கட்டு மாதிரி ஏறும், ஆந்தைக்கு அதுவும் தேவையில்ல.

தகர ஷீட்டு போட்டிருந்தா நெளி நெளியா இருக்குமே, அந்த ஒவ்வொரு நெளியும் சுவர் மேல உக்காருற இடத்துல பிறை மாதிரி ஒரு ஓட்டை விடும். கீழ இருந்து பாத்தா தெரியவே தெரியாது. அதை வலைத் துண்டை சுருட்டி அடைச்சு, மேல சிமெண்ட் பூசிடுங்க. ஷீட்டை வெறும் கல்லு பாரம் வச்சு நிறுத்தி இருந்தா ஸ்க்ரூ அடிங்க. கூரைக்கு மேல தொங்குற கிளைகளை ஆறேழு அடி தூரத்துக்கு வெட்டி விட்டுடணும், நிழல் போச்சேன்னு மனசு கஷ்டமாத்தான் இருக்கும், பகல் நிழலுக்கு வேற இடத்துல பந்தல் போட்டுக்கலாம்.

காத்து போகணும், பிராணி போகக்கூடாது

பயத்துல சில பேர் எல்லாத்தையும் பலகை வச்சு அடைச்சிடுறாங்க, அதுவும் கோழியை கொல்லும். கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டை இறக்கும். எச்சத்துல இருந்து வர்ற அம்மோனியா வேற மூச்சுக்குழாயை கெடுக்கும். காலையில கூண்டைத் திறந்ததும் உங்க கண்ணு எரிஞ்சா காத்து பத்தலன்னு அர்த்தம். ரெண்டு எதிர் சுவர்லயும், கோழி தூங்குற மட்டத்துக்கு மேல நீளவாக்குல திறப்பு விட்டு அதுக்கு அரை இன்ச் வலையை ஸ்க்ரூ போட்டு அடிங்க. அன்னைக்கு நான் காத்துக்காக விட்ட அந்த நாலு விரல் இடைவெளியில ஒரு முழம் வலை அடிச்சிருந்தா போதும், ஏழும் இருந்திருக்கும்.

கதவும் தாழ்ப்பாளும்

கொக்கி வளையம் மாட்டுறது, மரக்கட்டையை திருப்பி விடுறது, கயிறு கட்டுறது, இது எதையும் நம்பாதீங்க. நாய் மூக்கால தூக்கிடும், ரக்கூன் மாதிரி விரல் வேலை தெரிஞ்ச பிராணி சாதாரண கொக்கியை கழட்டிடும். ரெண்டு வேலை செஞ்சாத்தான் திறக்கணும்: தாழ்ப்பாளை இழுத்து, அதோட ஓட்டையில ஸ்ப்ரிங் கொக்கியோ சின்ன பூட்டோ மாட்டணும். கதவு உயரமா இருந்தா மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு தாழ்ப்பாள், ஏன்னா நடுவுல மட்டும் இருந்தா கீழ் மூலையை பிடிச்சு இழுத்து வளைச்சு நுழைஞ்சிடும். முட்டை எடுக்குற சின்ன கதவை மறந்துடாதீங்க, அதுக்கு பூட்டு போடுறவங்க ரொம்ப குறைவு. கதவு அடியில நிலைப்படி மாதிரி ஒரு கட்டை இல்லன்னா உமி சேர்ந்து கதவு முழுசா சாத்தாது, நீங்க சாத்தியாச்சுன்னு நினைச்சுட்டு போயிடுவீங்க.

வெளிச்சம் குறைஞ்சா தானா மூடுற ஆட்டோமேட்டிக் கதவு இப்ப வருது, டைமர் வச்சதும் இருக்கு. வேலைக்கு போயிட்டு லேட்டா வர்றவங்களுக்கு பெரிய உதவி. ஆனா அதுக்கு எண்ணத் தெரியாது. லேட்டா வந்த ஒரு கோழி வெளியில நின்னா அது பாட்டுக்கு மூடிடும். பேட்டரி தீர்ந்தா திறந்தே கிடக்கும். டைமர் வகைன்னா பகல் நீளம் மாற மாற நேரத்தை மாத்தணும். வாங்குங்க, ஆனா தினமும் போய் ஒரு பார்வை பாக்குறதை நிறுத்தாதீங்க.

உள்ள கம்பு எங்க இருக்கணும்

உக்காருற கம்பு வலையை ஒட்டி இருந்தா வெளியில இருந்து நகம் எட்டும். வலை சுவர்ல இருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கணும், தரையில இருந்து ரெண்டு மூணு அடி உயரம், ஒரு கோழிக்கு எட்டுல இருந்து பத்து இன்ச் இடம். இடம் பத்தலன்னா பலம் இல்லாதது கீழ தரையில ஒதுங்கும், எலி கடிக்கிறது அதைத்தான்.

தீனி, எலி, பாம்பு: மூணும் ஒரே சங்கிலி

பாம்பு பாதி நேரம் கோழிக்காக வர்றதில்ல, எலிக்காக வருது. எலி தீனிக்காக வருது. அதனால சாயங்காலம் மிச்சத் தீனியை எடுத்துடுங்க, சிந்தினதை கூட்டிடுங்க, மூட்டையை இறுக்கமான மூடி போட்ட தகர டின்னுலயோ டிரம்முலயோ வைங்க, சாக்குல வச்சா எலிக்கு ஒரு ராத்திரி வேலை. முட்டையை பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துடணும். கூண்டைச் சுத்தி பத்தடிக்கு புல்லு புதர் இல்லாம வெட்ட வெளியா வைங்க, எந்த பிராணிக்கும் மறைவில்லாத இடத்தை தாண்டி வர தயக்கம் இருக்கும்.

பாம்பை உள்ள பாத்தா நீங்க அடிக்கவும் வேணாம் பிடிக்கவும் வேணாம், கோழிங்களை வேற வழியா வெளிய எடுத்துட்டு பாம்பு பிடிக்கத் தெரிஞ்சவங்களை கூப்பிடுங்க. டார்ச் அடிச்சு பாக்காம இருட்டுல முட்டைப் பெட்டிக்குள்ள கையை விடவே கூடாது, குழந்தைங்க கிட்ட முட்டை எடுக்குற வேலையை குடுத்திருந்தா இதை திரும்ப திரும்ப சொல்லி வைங்க. பூண்டு, கந்தகம், பாச்சை உருண்டை எல்லாம் பாம்பை விரட்டும்னு நம்பி கூண்டை ஓட்டையா விட்டுடாதீங்க. பாச்சை உருண்டை கோழிக்கே விஷம்.

அடைக்கோழியும் குஞ்சும்

இதுங்க கம்பு மேல ஏறாது, தரையிலதான் படுக்கும். அதனால ஆபத்து இதுங்களுக்கு ரொம்ப அதிகம். அடை உக்காந்த கோழி சில நேரம் எங்கயாவது புதருக்குள்ள நமக்கு தெரியாம முட்டை வச்சு உக்காந்துடும், எண்ணும்போது குறைஞ்சா முதல்ல புதரைத் தேடுங்க. கிடைச்சா பொழுது இறங்கினதுக்கப்புறம், கோழி மந்தமா இருக்கும்போது, முட்டையோட சேர்த்து தூக்கி அடைச்ச பெட்டிக்கு மாத்துங்க. அந்தப் பெட்டி ஆறு பக்கமும் அரை இன்ச் வலையோ பலகையோ இருக்கணும், தரைப்பக்கமும் சேர்த்துதான். முதல் சில வாரத்துக்கு தாயையும் குஞ்சையும் பெரிய கூண்டுக்குள்ள தனிப் பெட்டியில வைக்கிறது இன்னும் நல்லது, ரெண்டு அடுக்கு காவல்.

மரத்துல ஏறி தூங்குற கோழி

எங்க கோழி மரத்துல பத்திரமா இருக்குன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. நாய்கிட்ட இருந்து பத்திரம்தான். மரநாய்க்கும் ஆந்தைக்கும் அது தட்டுல வச்ச மாதிரி. பழக்கத்தை மாத்துறது கஷ்டமில்ல, நேரம்தான் வேணும். ரெண்டு வாரம் கூண்டுலயும் அதை ஒட்டின அடைச்ச இடத்துலயும் மட்டும் வச்சிருங்க, தினமும் பொழுது சாயுற நேரத்துக்கு உள்ளதான் தீனி, ஒரே மாதிரி கூப்பிடுங்க, கம்பு மேல ஏறாததை நீங்களே தூக்கி வைங்க. அதுக்கப்புறம் திறந்து விட்டாலும் பெரும்பாலானது தானா வந்துடும். பிடிவாதம் பிடிக்கிற ஒண்ணு ரெண்டை இருட்டினதும் கிளையில இருந்து எடுத்துட்டு வாங்க, இருட்டுல கண்ணு தெரியாதது அந்த ஒரு நேரம் நமக்கு உதவும்.

லைட், நாய், மின்வேலி

சிமிட்டுற லைட்டு, ரேடியோ, பொம்மை ஆந்தை எல்லாம் சில நாளைக்கு வேலை செய்யும், அப்புறம் பழகிடும். வச்சா இடத்தை மாத்திக்கிட்டே இருங்க, ஆனா இதை நம்பி ஓட்டையை அடைக்காம விடாதீங்க. ஆள் நடமாட்டத்துக்கு எரியுற சென்சார் லைட்டு நமக்குத்தான் பிரயோஜனம், எதோ வந்திருக்குன்னு தெரியும். கூண்டுக்குள்ள ராத்திரி முழுக்க லைட்டு எரியவிட்டா கோழி தூக்கம் கெடும், வேணாம்.

நாய் வளர்த்தா நல்ல காவல், சின்னதுலயே கோழியோட பழக்கி வளர்த்திருந்தா மட்டும். வாத்து, கின்னிக்கோழி சத்தம் போட்டு எழுப்பும், சண்டை போட்டு காப்பாத்தாது, அதுங்களும் இரைதான், அடைச்சுத்தான் வைக்கணும். மின்வேலின்னா அதுக்குன்னே விக்கிற, விட்டு விட்டு துடிப்பா கரண்ட் விடுற எனர்ஜைசர் வச்சதை மட்டும் போடுங்க. வீட்டு கரண்ட்டை நேரா கம்பியில இழுத்து விடுறது கொலைக்கு சமம், பக்கத்து வீட்டு குழந்தை தொட்டாலும் உயிர் போகும்.

விஷம் வைக்கிறதைப் பத்தி கெஞ்சிக் கேட்டுக்கிறேன், வேணாம். விஷம் தின்ன எலியை உங்க கோழியே கொத்தித் தின்னும், எலியைத் தின்னு உங்களுக்கு உதவி பண்ணிட்டிருக்குற ஆந்தை சாகும், தெரு நாய் பூனை சாகும், விஷம் வச்சவங்க நினைச்ச பிராணி மட்டும் தப்பிச்சு போயிருக்கும். காட்டுப் பிராணியை பொறி வச்சு பிடிக்கிறதும் கொல்லுறதும் பல நாடுகள்ல சட்டப்படி குத்தம். அப்படியே ஒண்ணை பிடிச்சு தூக்கிட்டு போயி விட்டாலும் ஓட்டை அப்படியே இருந்தா அடுத்தது வரும்.

தினமும் சாயங்காலம்

பொழுது மறைஞ்சு கொஞ்ச நேரத்துல எல்லாம் உள்ள போயிருக்கும், அப்ப போயி எண்ணுங்க. மொத்தமா பாத்து சரியாத்தான் இருக்கும்னு விடாம ஒவ்வொண்ணா விரல் விட்டு எண்ணுங்க. டார்ச்சை கம்பு மேல மட்டும் அடிக்காம மூலை, முட்டைப் பெட்டி, கூரைக்கட்டை எல்லாத்துலயும் அடிங்க, நீங்க பூட்டுறதுக்கு முன்னாடியே எதோ உள்ள வந்து படுத்திருக்கலாம். தாழ்ப்பாள், கொக்கி, முட்டைக் கதவு. கையால ஒரு தடவை இழுத்துப் பாருங்க. வெளியூர் போறப்ப யாரையாவது அடைக்கச் சொன்னா வாயால சொல்லாம ஒரு தடவை கூட்டிட்டு வந்து செஞ்சு காட்டுங்க, எத்தனை கோழின்னு கதவுலயே எழுதி ஒட்டுங்க. மாசம் ஒரு தடவை வலையைச் சுத்தி நடந்து துரு, தளர்ந்த ஸ்க்ரூ, புது பள்ளம் பாருங்க, பெரிய மழை காத்துக்கு மறுநாளும் பாருங்க.

அடிபட்டு பிழைச்ச கோழி

உடனே மத்த கோழிங்க கிட்ட இருந்து பிரிங்க, ரத்தத்தைப் பாத்தா கூட இருக்குறதே கொத்தும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில காயத்தை கழுவி, இருட்டா சத்தமில்லாத சூடான இடத்துல தண்ணியோட வைங்க. இறகுக்கு அடியில விலக்கி விலக்கி பாருங்க, வெளிய ஒரு பொட்டு மாதிரி இருக்குற பல் தடம் உள்ள ஆழமா இருக்கும், பூனை நாய் கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும், அதனால கால்நடை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஈ மொய்க்க விடக்கூடாது, புழு வச்சிடும்.

தப்பிச்ச மத்ததுங்களும் சில நாள் முட்டை போடாது, பழைய கூண்டுக்குள்ள போக பயந்து வாசல்லயே நிக்கும். அடிச்சு விரட்டாதீங்க. எனக்கு மிச்சமானது மூணு. கூரை ஓட்டையை அடைச்சதுக்கப்புறமும் ஒன்பது நாள் அதுங்களை சாயங்காலம் ஒவ்வொண்ணா தூக்கிக் கொண்டுபோய் கம்பு மேல வச்சு, அதுங்க கண்ணை மூடுற வரைக்கும் உள்ளயே உக்காந்திருந்தேன். பத்தாவது நாள் அதுங்களே ஏறிடுச்சு.